விலாவில் ஒட்டிய மணி

எக்ஸ்ரே அறை எப்போதும் குளிராக இருக்கும். அதனால் நோயாளியைத் தொடுவதற்கு முன் கைகளை வெந்நீரில் நனைத்துக்கொள்வேன். டுலுத் நகரில் இருபத்தாறு வருடமாக இதே வேலை. என் கை ஜில்லென்று இருந்ததாக ஒருவரும் குறை சொன்னதில்லை, ஐயா.

வலிக்கிற இடத்தில் மிளகளவு உலோக மணி ஒன்றை ஒட்டிப் படம் எடுப்போம். பார்க்கிறவர் கண் நேரே அங்கே போகும். என் கணவர் டோய்வோ ஏணியிலிருந்து விழுந்தபோதும் விலாவில் மணி ஒட்டி நான்தான் எடுத்தேன். டாக்டர் ஹால்வர்சன் பார்த்துவிட்டு, "எலும்பு முறியல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். அதே படத்தில், நுரையீரலின் மேல் ஓரத்தில் மொச்சை அளவு கட்டி இருந்தது. பதினாறு மாதத்தில் டோய்வோவைப் புதைத்தோம்.

அவர் விழுந்த அந்தக் குளிர்காலத்தில், கண் அசைவைப் பதிவு செய்யும் கருவிகளைப் பல்கலைக்கழகத்து ஆட்கள் எங்கள் எல்லோருடைய திரைகளிலும் பொருத்தியிருந்தார்கள். டோய்வோ போன பிறகு டாக்டரின் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அவர் கண் கட்டியின் மேல் இரண்டு முறை நின்றிருந்தது. கவனம் விலாவில் இருந்தால் கண் கண்டதை மனம் வாங்காது, அது யாருடைய குற்றமும் இல்லை என்று விளக்கினார்கள். நான் அதை ஏற்கவில்லை. கண்டிருக்கிறார், கண்டும் அனுப்பியிருக்கிறார்.

டோய்வோ போனதற்கு அடுத்த பிப்ரவரியில் டாக்டரே பனியில் வழுக்கி விழுந்து, இடது விலாவைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"வெளிய சொல்லிடாத செல்மா, ஊரே சிரிக்கும்."

"மூச்ச இழுத்துப் பிடிங்க டாக்டர். சிரிக்கிறத அப்புறம் பாத்துக்கலாம்."

படம் வந்ததும் கண்டேன். வலது நுரையீரலின் உச்சியில், மொச்சையைவிடச் சின்னது. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி பக்கத்தில் வந்து, "இதுக்குப் போயி இன்னொரு டாக்டரா? நானே பாத்துக்கறேன்" என்றார். நான் திரையில் தெரிந்த மணியைப் பேனாவால் தொட்டுக் காட்டினேன்.

"இங்கதான வலி? இந்த விலாவ நல்லாப் பாருங்க."

அவர் கண் மேலே போய், கணநேரம் நின்று, மணிக்கே திரும்பியது.

"முறியல. தப்பிச்சேன்."

"நல்லவேளை" என்றேன்.

அன்றே சொல்லியிருந்தால் அறுத்து எடுத்திருப்பார்கள், பிழைத்திருப்பார். அது தெரிந்துதான் சொல்லவில்லை. அவர் படுக்கையில் விழுந்த பிறகு ஞாயிறுதோறும் காட்டரிசி சூப் செய்து கொண்டுபோய் ஊட்டினேன். "நீ தங்கமான மனுஷி" என்றார். போன வாரம் அடக்கம் செய்தார்கள். தெரிந்தே செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மேசையில் இருக்கும் இந்தத் தாள் யாருடையது என்று கேட்டீர்கள். என்னுடையதுதான். டோய்வோவைப் படம் எடுத்த அன்றைய பதிவு. கட்டியின் மேல் என் கண் ஐந்து முறை நின்றதாகப் போட்டிருக்கிறது. அன்றைக்கு என் திரையில் இருந்த கருவி பழுதாகியிருக்க வேண்டும். டாக்டருடையது மட்டும்தான் சரியாக வேலை செய்திருக்கிறது.