ஏரிக்கரையில் உழாத மூலை

ஜீவிதா: மச்சான்... அங்கயே நில்லுங்க! காலத் தூக்காதீங்க!

கோபிநாத்: ஏனம்மிணி, பாம்பா?

ஜீவிதா: பாம்பெல்லாம் இல்லீங்க. வந்து... உங்க நெழல் உழுகுது. போட்டோ கெட்டுப்போகும்.

கோபிநாத்: எங்காட்டுல என்ற நெழல் உழுகக்கூடாதா? நல்ல கொழுந்தியா வாச்சா போ எனக்கு! அதென்ன, சாக்கப் போத்திட்டுக் குப்புறப் படுத்திருக்கறே? தூரத்துல பாத்து ஆரோ வெள்ளாட்டத் தொலச்சுட்டாங்கன்னு நெனச்சேன்.

ஜீவிதா: லொள்ளு பண்ணாதீங்க. ஏரியப் படம் புடிக்கறேன்.

கோபிநாத்: ஏரி அக்கட்டால கெடக்குது. உன்ற கேமரா எங்காட்டுக்குள்ள பாக்குது.

ஜீவிதா: அது... வெயில்ல தண்ணி சுருங்கிப் போச்சுங்கல்ல. கரை, காடு, எல்லாஞ் சேந்ததுதான் ஏரி.

கோபிநாத்: அப்படிப் போடு! பட்டயத்தயே மாத்தி எழுதிப் போடுவியாட்ட இருக்குது.

ஜீவிதா: மச்சான்... இந்த மூலைய மட்டும் கொஞ்ச நாளைக்கு உழவேண்டாமுங்க.

கோபிநாத்: ஏனாமா?

ஜீவிதா: மண்ணு... நல்லாருக்குது.

கோபிநாத்: மண்ணு நல்லாருக்கறதுனாலதான் உழறதே, அம்மிணி.

ஜீவிதா: ஐயோ... இங்க வாங்க, வருஷம் பூரா எடுத்த படத்தக் காட்டறேன். சித்த உக்காருங்க. அங்க இல்ல! இங்க, வரப்பு மேல! பாருங்க, இது போன ஆடி. தண்ணி உங்க வேலி வரைக்கும் வந்துச்சே, அப்ப எடுத்தது. தாமரக்கோழி குஞ்சோட எலை மேல நடக்குது.

கோபிநாத்: அட, நெம்ப நல்லாருக்குதே! கால் எத்தன நீட்டம் பாரு.

ஜீவிதா: இது மார்கழி. பனிமூட்டத்துல வாத்துக்கூட்டம்.

கோபிநாத்: வாத்துக்குப் பொறகால ஆரோ துண்டக் கட்டிட்டுப் பல்லு வெளக்கறான்... ஏ, அது நானு!

ஜீவிதா: எதார்த்தமா உழுந்துட்டீங்க.

கோபிநாத்: அழிச்சுப்போடு அத!

ஜீவிதா: மாட்டேன். வாத்து நல்லா வந்திருக்குது. இது மாசி, நத்தைகுத்தி நாரை. இனி இந்த வெயில்காலத்துப் படம் ஒண்ணுதான் பாக்கி.

கோபிநாத்: அது கெடக்கட்டும். இந்தக் குருவி ஏன் நம்ம தல மேலயே சுத்திச் சுத்திக் கத்துது?

ஜீவிதா: எந்தக் குருவிங்க?

கோபிநாத்: காது கிழியுதே... ஆக்காட்டி!

ஜீவிதா: ஓ, அதுங்களா... நீங்க செவப்புச் சட்ட போட்டிருக்கறீங்கல்ல, அதுக்கு ஆகாது.

கோபிநாத்: அதென்ன மாடா?

ஜீவிதா: அத உடுங்க, இந்தப் படத்தப் பாருங்க.

கோபிநாத்: சொல்லு அம்மிணி. உனக்குப் பொய் சொல்லத் தெரியல.

ஜீவிதா: முட்டைங்க, மச்சான். கல்லோட கல்லாக் கெடக்குது. ஒண்ணுல விரிசல் உட்டு, உள்ளருந்து கீச்சுகீச்சுங்குது. உங்க டிராக்டர் எந்நேரம் வந்து ஏறுமோன்னு எனக்குப் பயம்... தூக்கமே வாரதில்லீங்க.

கோபிநாத்: எனக்குத் தெரியாதாக்கு? அதுக்குத்தான டிராக்டர் ரிப்பேருன்னு உங்கக்காகிட்டச் சொல்லிட்டுத் திரியறேன்!

ஜீவிதா: மச்சான்! நெசமாவா?

கோபிநாத்: மெதுவா... அவ காதுல உழுந்துராம. வெதக்கடலைய உரிச்சு வெச்சுட்டு, எப்ப உழறீங்க, எப்ப உழறீங்கன்னு ஆடறா. குருவி முட்டைக்காக நிறுத்தி வெச்சிருக்கறேன்னா என்ற தோல உரிச்சுருவா.

ஜீவிதா: அக்கா அதா வருது மச்சான்! வரப்பு மேல... வேகமா வருது!

கோபிநாத்: நீ வாயத் தொறக்காத.

கோமதி: ஏனுங்க, இங்க உக்காந்து படம் பாத்துட்டிருக்கறீங்களா? கோட மழ பேஞ்சு ஈரம் நிக்குது, ஊரே வெதச்சு முடிச்சாச்சு. விவசாய ஆபீசு கிருஷி பவன்ல வரிசைல நின்னு வாங்குன வெத பூசணம் புடிச்சா நீங்களா திம்பீங்க?

கோபிநாத்: டிராக்டர்ல கிளட்ச்சு...

கோமதி: போன வாரம் பெல்ட்டுன்னீங்க.

கோபிநாத்: பெல்ட்டு போனதுனால கிளட்ச்சும் போச்சு.

ஜீவிதா: ஆமாக்கா, அப்படித்தான் ஆகுமாம்.

கோமதி: நீ எப்படி மெக்கானிக்கு ஆனே? சரி, போகட்டும். ரத்தினசாமி அண்ணன் டிராக்டர வரச் சொல்லிட்டேன். இந்த மூலைலதான் தொடங்கோணும்னு சொல்லிருக்கறேன். அதா... சத்தங் கேக்குதுல்ல?

ஜீவிதா: ஐயோ அக்கா, வேண்டா! முட்ட இருக்குதக்கா! ஓடு விரியுது... பொரிச்சதும் குஞ்சு எந்திரிச்சு அதுவா ஓடிப்போயிரும். ரெண்டு நாள் குடு, உன்னையக் கும்பிட்டுக்கறேன்!

கோபிநாத்: கோமதி, ரிப்பேரும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் சொன்னது பொய்தான். திட்டறதுன்னா என்னையத் திட்டு. டிராக்டர் உள்ள வந்தா நான் குறுக்கால படுத்துக்குவேன்!

கோமதி: ஹஹ்ஹா!

ஜீவிதா: அக்கா... ஏன் சிரிக்கறே?

கோமதி: அது கொழிஞ்சாம்பாறை பஸ்சுடி.

கோபிநாத்: அப்ப ரத்தினசாமி?

கோமதி: அவரு ஊட்டுல படுத்துத் தூங்குவாரு. நான் ஒருத்தருகிட்டயும் சொல்லல. நீங்க ரெண்டு பேரும் எப்ப வாயத் தொறக்கறீங்கன்னு பாத்தேன்.

ஜீவிதா: அப்ப உனக்கு...

கோமதி: கல்லுப் பொறுக்க வந்தன்னைக்கே தெரியும். கல்லுன்னு நெனச்சுக் கையில எடுத்துட்டேன். சூடா இருந்துச்சு... அப்படியே திருப்பி வெச்சுட்டேன்.

கோபிநாத்: அப்புறம் எதுக்கு என்னையத் தெனமும் அந்த ஏச்சு ஏசுனே?

கோமதி: ஏசாம இருந்தா நீங்க சந்தேகப்படுவீங்கல்ல?

ஜீவிதா: சும்மா இருங்க ரெண்டு பேரும்... வந்துருச்சு! வெளிய வந்துருச்சு! நனஞ்ச பஞ்சாட்டம்... இருங்க, படம் எடுத்துக்கறேன்!

கோபிநாத்: எடு அம்மிணி, எடு! பாத்தியா கோமதி? நான் மட்டும் ரிப்பேருன்னு சொல்லலீன்னா இது பொழச்சிருக்குமா?

கோமதி: நீங்க ரிப்பேருன்னு சொல்லறதுக்கு மொத நாளே டிராக்டர் சாவிய எடுத்து அரிசி டப்பாக்குள்ள போட்டுட்டேன். இத்தன நாள்ல சாவியக் காணோம்னு ஒருக்காவாவது தேடுனீங்களா? அப்பத்தான் தெரிஞ்சுது, எங்கூட்டுக்காரருக்கும் என்ற மனசுதான்னு.