கடைசிக் கட்டத்து முகம்

காடாத் துணியில் சாயம் அப்படியே நிற்காது, ஐயா. முதலில் கெட்டியாகக் கஞ்சி போட்டு நிழலில் உலர்த்த வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் பாரம் படிக்கிற பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். எல்லாம் நல்ல பிள்ளைகள். ஜஹீதாவும் நல்ல பிள்ளைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த வருஷம் பாடத்துக்கு ஒரு பழைய நாவல் வைத்திருந்தார்கள். புகுந்த வீட்டார் வீண்பழி சுமத்திய ஒரு பெண், கடைசியில் கடலில் இறங்கி உயிரை விடுகிறாள். கதையைக் கேள்வி பதிலாக உருப்போட வைப்பது எனக்குப் பிடிக்காது. அதனால் வகுப்பு முழுவதும் சேர்ந்து அதை ஒரே நீளத் துணியில் கட்டம் கட்டமாக வரையட்டும் என்றேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் அந்தப் பெண் அப்போது என்ன நினைத்திருப்பாள் என்று எல்லோரும் பேச வேண்டும். ஒப்புக்கொண்ட பிறகுதான் தூரிகையைத் தொடலாம். கல்யாணக் கட்டத்தைத் தேவானை கேட்டு வாங்கிக்கொண்டாள். முகம் வரைவதில் ஜஹீதாதான் கெட்டிக்காரி. கடைசிக் கட்டத்தை அவளுக்குக் கொடுத்தேன்.

அவளுடைய அப்பா இனாயத் மயிலாப்பூரில் பைண்டிங் கடை வைத்திருக்கிறார். கிழிந்த பாடப் புத்தகங்களைத் தைத்துக் கொண்டுவந்தவர் வாசலில் நின்று சிரித்தார். "வூட்டுல எப்பப் பாரு உங்க பேச்சையே பேசிக்கினு கீது, டீச்சரம்மா. நான் சொன்னா கேக்காது. நீங்க சொன்னா கேக்கும்."

ஜஹீதா கரியால் கோடு போட்டுக் காட்டியபோது, கழுத்தளவு தண்ணீரில் நின்ற அந்தப் பெண் கரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதையில் அப்படி இல்லையே" என்றேன்.

"இல்லன்னும் எழுதலையே, டீச்சர். தண்ணி கழுத்துக்கு வந்தா யாருக்கும் பயம் வரும். யாராச்சும் கூப்புடுவாங்களான்னு பாத்திருப்பா. கரையில இருந்தவங்க கூப்புடல. அதான் போய்ட்டா."

பிறகு தேவானை, "எனக்கும் அப்படித்தான் தோணுது, டீச்சர்" என்றாள். ஒவ்வொருத்தியாகத் தலையாட்டினார்கள். என் வகுப்பில் என் விதிப்படியே அது முடிவாகிவிட்டது.

என் தங்கை நோராவைப் பற்றி நீங்கள் விசாரித்திருப்பீர்கள். இதே சாந்தோம் கடலில்தான் அவள் போனாள். வீட்டில் எனக்கும் அவளுக்கும் சண்டை. கோபித்துக்கொண்டு கடற்கரைக்குப் போனவளின் பின்னால் போனது நான் மட்டும்தான். அவள் முகத்தில் கலக்கமே இல்லை, நிம்மதியாகப் போனாள் என்று அம்மாவிடம் வந்து சொன்னேன். அம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறாள். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை அதைக் கலைத்துவிடலாமா?

ஜஹீதாவிடம் நான் கோபப்படவில்லை. பேசித் தீராததைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னேன். அவள் தண்ணீரில் நிற்பாள், நான் அவள் முகத்தை வரைவேன். எது உண்மையோ அதைத் துணியில் ஏற்றலாம். அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. சனிக்கிழமை காலையில் அவளையும் தேவானையையும் கூட்டிக்கொண்டு போனேன். கடற்கரைக்கு வந்ததும், சாயப் பொடியை மறந்துவிட்டேன் என்று தேவானையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். பொடி என் பையில்தான் இருந்தது.

நான் காட்டிய இடத்தில் மண் சட்டென்று இறங்கிவிடும். குப்பத்து ஜனங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், நோரா போனது அங்கேதான். ஜஹீதாவுக்குத் தெரியாது. தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"போதுமா, டீச்சர்?"

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

அடுத்த அடியில் அவளுக்குக் கால் எட்டவில்லை. கட்டுமரத்தடியில் இரண்டு பேர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், கூப்பிடு தூரம்தான். கூப்பிட்டிருந்தால் அவளுக்கு நம்பிக்கை வந்திருக்கும், முகம் மாறியிருக்கும். அப்புறம் அந்தப் படத்தால் என்ன பிரயோஜனம்?

தேவானை வாக்குமூலத்தில் சொன்னதெல்லாம் சரி. அவள் ஓடிவந்து, "டீச்சர், ஜஹீதா எங்க?" என்று கேட்டபோது, வெளிச்சத்தை மறைக்காதே என்றுதான் நான் சொன்னேன். அவள்தான் அலறிக்கொண்டு வலைக்காரர்களிடம் ஓடினாள். அவர்கள் ஜஹீதாவைத் தூக்கிக்கொண்டு வந்து கரையில் கிடத்தியபோது மூச்சு இல்லை. இனாயத் வந்தார். என் காலடியில் உட்கார்ந்து, "நீங்க பக்கத்துல இருந்தீங்களே, அதுவே போதும், டீச்சரம்மா" என்றார். நல்ல மனுஷர்.

அவள் கூப்பிட்டாளா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். கூப்பிட்டாள். என்னைப் பார்த்துக் கையையும் நீட்டினாள். தண்ணீரில் நிலை தவறினால் யாருக்கும் கை தானாக உயரும். அதைப் பயம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நோராவும் அப்படித்தான் நீட்டினாள். என் பெயரைக்கூடச் சொன்னாள். அதனால் அவள் நிம்மதியாகப் போகவில்லை என்று ஆகிவிடுமா?

திங்கட்கிழமை கடைசிக் கட்டத்தை நானே வரைந்து முடித்தேன். சாந்தமான முகம், கண் மூடியிருக்கிறது. இது சரிதானா என்று வகுப்பில் கேட்டேன். ஒரு பிள்ளையும் மறுத்துப் பேசவில்லை.

தண்ணீரில் இறங்கி ஏன் பிடிக்கவில்லை என்கிறீர்கள். எனக்கு நீந்தத் தெரியும், ஐயா, சின்ன வயதிலிருந்தே. ஆனால் பென்சிலைக் கீழே வைத்திருந்தால் அந்த முகம் தப்பியிருக்கும்.