வட்டமாக வந்த வளையம்

ஹலோ... ஹலோ, கேக்குதா?... அக்காதான்டா. தொண்டை கட்டிப்போச்சு, அதான் உனக்கே அடையாளம் தெரியல... ஆமா, ஆமா, எடுத்தாச்சு. பழுக்கக் காய்ச்சி முக்கின இரும்பு வளையத்தை எண்ணெய்லேருந்து இப்பதான் தூக்கி பட்டறை மேசையில வெச்சிருக்கு. தொடச்சுட்டு இருக்காங்க.

...

நீ சொன்ன மாதிரியேதான்டா. தொங்கவிடல. படுக்க வெச்சு, சுத்திலும் தாங்கி குடுத்து, அப்படியே சமமா இறக்குனோம். எண்ணெய் சூட்டை நானே நின்னு பார்த்தேன்... கலக்கற மோட்டாரும் மெதுவாத்தான் ஓடுச்சு. எத்தனை தடவைடா கேப்பே? உன் கம்ப்யூட்டர்ல நீ நூறு தடவை முக்கி எடுக்கலாம். இங்க இரும்பு ஒரு தடவைதான் முங்கும்.

...

உங்க மாமாவா? என்கிட்ட எங்க பேசறாரு. "இத்தனை வருஷமா தொங்கவிட்டுத்தான் முக்கினோம், உன் தம்பி பொம்மைப்படம் காட்டினா நான் மாத்திக்கணுமா"ன்னு கேட்டதோட சரி. அன்னிலேருந்து ஊமைதான். தட்டுல போட்டா சாப்பிடறாரு, கழுவி வைக்கறாரு, போறாரு... சிரிக்காதடா. நீ அவரைச் சொல்றே, அவர் உன்னைச் சொல்றாரு. நான்தான் மத்தளம், ரெண்டு பக்கமும் அடி.

...

புரியாம என்ன? தொங்கவிட்டா கீழ்ப்பக்கம் முதல்ல எண்ணெயைத் தொடுது, முதல்ல ஆறுது. மேல்பக்கம் அப்பவும் செக்கச்செவேல்னு இருக்கு. ஒரு பக்கம் சுருங்க ஒரு பக்கம் இழுக்க, வளையம் முட்டையாப் போயிடுது. உன் படத்தைப் பார்த்ததும் எனக்கே விளங்குச்சு. அவருக்கா விளங்காது? ஒத்துக்கத்தான் வாய் வராது.

...

வந்திருக்காரே, நமக்கு வேலை குடுக்கற கம்பெனி ஆளு. அந்தக் கண்ணாடிக்காரர்தான். இன்னிக்கும் முட்டைன்னா இந்த வேலையை வேற இடத்துக்குக் குடுத்துடுவேன்னு காலையில வந்ததும் வராததுமா சொல்லிட்டாரு... மூணு பேருமா? எப்படிடா பேசிக்குவோம்? அவர் வளையத்தைப் பார்க்கறாரு, உங்க மாமா சுவரைப் பார்க்கறாரு, நான் ரெண்டு பேர் முகத்தையும் பார்க்கறேன்.

இரு, இரு... கண்ணாடிக்காரர் வட்டம் அளக்கற டயலை வெச்சுட்டாரு. உங்க மாமாதான் சுத்தறாரு... பேசாத.

...

டேய்.

டேய், முள்ளு அசையவே இல்லடா! அதாவது... அசையுது, மயிரிழைதான்... ஆமா! முழுச் சுத்து சுத்தியாச்சு! கண்ணாடிக்காரர் குனிஞ்சு குனிஞ்சு பார்க்கறாரு, மறுபடி சுத்தச் சொல்றாரு... வட்டம்டா. தாம்பாளமாட்டம் வட்டம்... நான் எங்க அழறேன்? புகை. கண்ணு எரியுது.

...

என்னது?... டெம்பரிங்கா? சின்ன அடுப்புல வெச்சு மறுபடி இளஞ்சூடு ஏத்தறதுதானே? போடறோம், போடறோம்... இல்ல, அந்த அடுப்பு இன்னும் ஏறல. காலையில கரண்ட் போய் வந்துச்சா, உங்க மாமா வந்த கரண்டை எல்லாம் பெரிய ஃபர்னஸுக்கே திருப்பிட்டாரு. இது எழுபது டிகிரியிலதான் நிக்குது... கொஞ்ச நேரம் கிடந்தா என்ன ஆயிடும்? அதான் வட்டமா வந்துடுச்சே...

...

கத்தாதடா. மெதுவாச் சொல்லு... ம்... ம்... வெளியில கோணல் இல்லைன்னாலும் உள்ள இறுக்கம் இருக்குமா?... ம்... எந்த இடம்? வளையத்துல எண்ணெய் போறதுக்குப் போட்ட ஓட்டையோட ஓரமா வெடிச்சுடுமா?... ஏறாட்டாலும் பரவாயில்ல, உள்ள வெச்சு கூடவே சூடேத்தணுமா? சரி, சரி, சொல்றேன், வை... இல்ல, வைக்காத, லைன்ல இரு.

என்னங்க! உடனே அடுப்புல வைக்கணுமாம்!... இல்லைங்க, ஆற விடக் கூடாதாம், அவன் கத்தறான்!... சார், அளந்தது போதும் சார், அப்புறமா அளந்துக்கலாம்... ஒரே நிமிஷம்னு சொல்றாருடா. இன்னொரு தடவை எழுதிக்கணுமாம்... நானும் சொல்றேன்டா, யார் கேக்கறா? உங்க மாமா கொக்கியை எடுத்துட்டாரு. எடுத்துட்டாரு, இதோ மாட்டப் போறாரு, இதோ...

...

கேட்டுச்சா?

உனக்கும் கேட்டுச்சா... டிங்குன்னு. கண்ணாடி டம்ளர் உடையற மாதிரி... இரு. பார்த்துட்டுச் சொல்றேன்.

...

ஆமாடா. அதே ஓட்டைதான். ஓரத்துலேருந்து விரல் நீளத்துக்கு விரிசல் ஓடியிருக்கு... இல்ல, இனிமே அடுப்புல வெச்சு என்ன பண்ண.

...

நீ ஏன்டா மன்னிப்புக் கேக்கறே? நீ முன்னாடியேதான் சொன்னே. அடுப்பு ஏறினப்புறம் முக்கியிருக்கணும், அவசரம் எங்களுக்கு. நானும்தான் நின்னு பல்லைக் காட்டிட்டு இருந்தேன்... டேய், கேளு. வெடிச்சும் அது வட்டமாத்தான்டா இருக்கு. உன் கணக்குல ஒரு குத்தமும் இல்ல.

...

கண்ணாடிக்காரரா? வெளிய போய் நின்னு யார்கிட்டயோ பேசறாரு... தெரியலடா. வேலையை நமக்கே குடுத்தாலும் குடுப்பாரு, எடுத்தாலும் எடுப்பாரு. எனக்கு யோசிக்கக்கூடத் தெம்பில்ல... இன்னும் ஒரு வளையம் இருக்கு. அதுவும் போச்சுன்னா அவ்வளவுதான்.

...

இரு. உங்க மாமா வர்றாரு... என்னங்க?... என்ன?... சத்தமாச் சொல்லுங்க, மோட்டார் ஓடுது...

டேய். அந்த இன்னொண்ணை முக்கறதுக்கு முன்னாடி டெம்பரிங் அடுப்பு எவ்வளவு சூட்டுல தயாரா இருக்கணும்னு கேக்கறாரு... உன்கிட்டதான்டா. "அவன் என்ன சொல்றான்"னுதான் கேட்டாரு... ஆமா, அவரேதான்... ஓட்டைக்கு ஏதாவது அடைப்பு குடுக்கலாமான்னும் கேக்கறாரு. களிமண்ணோ என்னவோ சொல்றாரு, எனக்கு...

இல்லடா. எனக்கு முடியல. இதுக்கு மேல நடுவுல நின்னு நான் சொல்ல மாட்டேன்.

இந்தாங்க, பிடிங்க. நீங்களே பேசுங்க. நான் போய்க் கொஞ்ச நேரம் உக்கார்றேன்.