தொண்ணூத்தாறு படி

முடியாதுன்னா முடியாதும்மா. எத்தன தடவ சொல்றது? பின்னால பாரு, கியூ ஐஸ்கிரீம் கட வரைக்கும் நிக்குது. வீல்சேர கொஞ்சம் ஓரமா தள்ளிக்க.

கார்டெல்லாம் பாத்துட்டேன் லா. திவ்யதர்ஷினி, புக்கிட் பெருவாங். ஊனமுற்றவங்களுக்கு கவர்மெண்ட் குடுக்கற ஓகேயு கார்டு ஒரிஜினல்தான், நான் இல்லைன்னா சொன்னேன்? டாக்டர் லெட்டரும் சரி. கையில பலம் இருக்கு, நீயே சீட்டுக்கு மாறிக்குவ, அதையும் ஒத்துக்கறேன். இந்த ரோலர் கோஸ்டர் மேல போயி நின்னுருச்சுன்னா? அதச் சொல்லு. ஓரத்துல இரும்புப் படி தெரியுதுல்ல, தொண்ணூத்தாறு படி. எல்லாரும் அதுல நடந்துதான் எறங்கணும். நீ எப்படி எறங்குவ?

ஆமா, போர்டுல போட்டிருக்கு. நடக்க முடியாதவங்கள ஊழியர் தூக்கிட்டு எறங்குவாரு. எனக்கும் படிக்கத் தெரியும். அந்த ஊழியர் நாந்தான். கூட வேல பாக்கற இந்த விஜயராணி, வண்டிய நிறுத்தற பட்டன விட்டு நகரக் கூடாது.

அப்பறம் ஏன் ஏத்தலியா? பயம்மா, வேற என்ன. ஏதாவது ஆச்சுன்னா ஒங்க வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?

அலாமா, போன எடுத்துட்டியா. எடு, நல்லா எடு. ரங்கசாமின்னு சட்டையிலயே போட்டிருக்கு, அதையும் சேத்து எடு. பேஸ்புக்ல போடு, ஊரே என்னையத் திட்டட்டும். பதினாலு வருஷமா தங்கா பத்துலேருந்து மோட்டார் சைக்கிள்ல வந்து வேல பாக்கறேன். இங்க ஒருத்தர் மேலயும் ஒரு கீறல் பட விட்டதில்ல.

மூணாவது தடவைன்னு எனக்குத் தெரியாதா? ஞாபகம் இருக்கும்மா. போன தடவ மஞ்ச சட்ட போட்டிருந்த. அழுதுகிட்டே போன. அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல.

கத்தாத. எல்லாரும் பாக்கறாங்க. இங்க கிட்ட வா, விஜயராணி காதுல விழ வேணாம்.

இந்த எடது ஷூ இருக்குல்ல, முன்னால பாதி வெறும் பஞ்சு. இனிப்பு நீரு, சக்கர வியாதி. போன தீபாவளி கழிச்சு ஆஸ்பத்திரியில அஞ்சு வெரலையும் எடுத்துட்டாங்க. ஆபீஸ்ல பழனிக்குப் போறேன்னு லீவு போட்டேன். நம்பணும்ல, மொட்டையும் அடிச்சுக்கிட்டு வந்து நின்னேன். எல்லாரும் திருநீறு கேட்டாங்க. கடையில வாங்கிக் குடுத்தேன்.

மாசா மாசம் ஆளுக்குப் பதிலா மணல் மூட்டையத் தூக்கிட்டு அந்தப் படியில எறங்கிக் காட்டணும். இடுப்பு வலி, காச்சல்னு எதையாவது சொல்லி நழுவிடுவேன். வெறுங்கையோட எறங்கவே கம்பியப் புடிச்சுக்கணும். ஒன்னைய எங்கம்மா தூக்குவேன்?

போன ஏன் கீழ வச்சிட்ட?

ரூல்ஸ்படி நீ ஏறலாம்மா. நாந்தான் இங்க நிக்கக் கூடாது.

இரு இரு, சேரத் திருப்பாத. எங்க போற? விஜயராணி, அந்த வாக்கிடாக்கிய இப்படிக் குடு. சூப்பர்வைசர்கிட்ட வேற ஆள் அனுப்பச் சொல்றேன். ஏன்னு கேப்பாரு. கேக்கட்டும், ஷூவக் கழட்டிக் காட்டிர்றேன்.