இன்னும் ஏழு மாசம் சர்வீஸ்

— இன்னிக்கி மட்டும் ஆபீசுக்குப் போயி விரல வெச்சிட்டு வந்துடுப்பா. கீமோவ வியாழக்கிழமைக்கு மாத்திக்கலாம்.

— விரல்ல தோலே இல்ல, நெல்சன். மருந்து உரிச்சி எடுத்துடுச்சி. போன வாரம் அட்டெண்டன்ஸ் மிஷின்ல அஞ்சு தரம் வெச்சேன், ஆளு தெரியலங்குது.

— கட்டைவிரல் வேணாம், சுண்டுவிரல வையி. சிம்பிள். லீவு ஒண்ணுகூட பாக்கி இல்லப்பா. சொல்லாம நின்னுட்டாருன்னு எழுதிட்டா அவ்ளோதான். இன்னும் ஏழு மாசந்தான ரிட்டயர்மெண்ட்டுக்கு.

— உக்கார முடியல சாமி. வயித்துல கட்டிய வெச்சிக்கினு ஃபைலு பாக்கறேன்னு போயி, மேசைமேல தலைய வெச்சிப் படுத்துக்கறேன். என் வேலையையும் சேத்து பக்கத்து சீட்டு கார்குழலிதான் பாக்குது. அந்தப் பொண்ணு மூஞ்சப் பாக்கவே வெக்கமா இருக்கு.

— அவங்க பாக்கட்டுமே. நான் பாக்கலியா? உன்ன ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு அலைய, சென்னை கம்பெனில லீவு கேட்டுக் கேட்டு, கடைசில வராதன்னுட்டான். டீம் லீடரா இருந்தவன், இப்ப வேலையில்லாம இங்க முத்தியால்பேட்டையில போறவன் வர்றவனுக்கெல்லாம் பதில் சொல்லிக்கினு கெடக்கறேன். உன் மருமவ பிரிஸ்கில்லாவோட தையல் மிஷின் மேல உன் மாத்திரை டப்பாதான் இருக்குது. அவகிட்ட ப்ளவுஸ் குடுத்தவங்கல்லாம் வேற ஆளப் பாத்துக்கினாங்க.

— தெரியும்டா. ஒருத்தனுக்கு வந்த வியாதி மூணு பேரு கையக் கட்டிப் போட்டுடுச்சி. அதான் வேலைய வுட்டுடறேன்னு ஈஸ்டர்லேர்ந்து சொல்றேன். நீதான் வுடமாட்டேங்கற.

— சர்வீஸ்ல இருந்தா உனக்கு ஒரு மரியாதை இருக்கும்னுதான்.

— மரியாதை. சரி. எங்க செக்‌ஷன் பக்கிரிய நீ போயி பாத்தியா?

— எந்த பக்கிரி?

— நாலு மாசம் முன்ன போயி பாத்தியே, அந்தப் பக்கிரிதான். சர்வீஸ்ல இருக்கறப்பவே அப்பா தவறிட்டா புள்ளைக்கி வாரிசு வேலை கெடைக்குமா, என்னென்ன பேப்பர் வேணும்னு கேட்டியாமே. மனசு கேக்காம அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு.

— சும்மா தெரிஞ்சி வெச்சிக்கலாம்னு கேட்டேன்.

— கீமோவ தள்ளிப் போடச் சொல்றதும் சும்மாதானா?

— ஆமாப்பா, கேட்டேன். எனக்கு முப்பத்தெட்டு வயசு. இனிமே எவன் கூப்புட்டு வேலை குடுப்பான்? டாக்டரு இந்த வருஷம் தாண்டறது கஷ்டம்னாரு. எப்படியும் போற உசுரு, எங்களுக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போவட்டுமேன்னு நெனச்சேன். நெனச்ச அன்னிக்கி சோறு எறங்கல எனக்கு. ஆனா உனக்கு மூத்திரப் பை மாத்துனதும் இந்தக் கைதான்.

— இந்தக் கைதான், இல்லேங்கல. அதனாலதான் முடிவு பண்ண ஒரு வாரம் ஆச்சி எனக்கு.

— என்னா முடிவு?

— அப்பவே விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துட்டேன். மூணு மாச நோட்டீஸு முடிஞ்சி முந்தாநேத்து ஆர்டரும் வந்துடுச்சி. இனிமே நான் செத்தா உனக்கு வேலை கெடையாது. உங்கம்மாவும் இப்ப உசுரோட இல்ல, அதனால பென்ஷனும் நான் மூச்சு வுடற வரைக்குந்தான். போ, ஆட்டோவ கூப்புடு, கீமோவுக்கு நேரமாவுது.