டிரைவர் பக்கம்

தம்பி: உட்காருக்கா. பார்த்து, அந்த ஸ்டூல் ஆடும்.

அக்கா: வலி எப்படிடா இருக்கு?

தம்பி: கால் இருக்கிறது தெரியுது, அதுவே பெரிசு... ஆறு மாசம்கிறார் டாக்டர். அதுக்கப்புறமும் கிளட்ச் மிதிக்க முடியுமான்னு பார்க்கணுமாம்.

அக்கா: விசாரணைக்காரங்க வந்தாங்களா?

தம்பி: காலையிலேயே. எங்க கம்பெனி ஆளு, உங்க கம்பெனி ஆளு, ரெண்டு பேரும் ஒரே கார்ல வந்து இறங்கினாங்க. நாலு வருஷமா ஒரு ஸ்போர்ட்ஸ் காரைச் சேர்ந்து செய்யறாங்க, இன்னைக்குத்தான் ஒத்துமையாப் பார்த்தேன்.

அக்கா: நீ என்ன சொன்னே?

தம்பி: பிரேக்கை லேட்டா மிதிச்சேன்னு.

அக்கா: லேட்டாவா? நீயா?

தம்பி: கையெழுத்தும் போட்டுட்டேன்.

அக்கா: எதுக்குடா... அதை வெச்சே உன் லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க. டெஸ்ட் டிரைவர்னு இனிமே எவன் கூப்பிடுவான் உன்னை?

தம்பி: பெடலை அமுக்கிப் பார்த்தாங்களாம், கல்லு மாதிரி நிக்குதாம். வண்டி மேல குத்தம் இல்லைன்னா மிச்சம் யாரு? நான்தானே.

அக்கா: சூடு ஆறின பிறகு பார்த்தா கல்லு மாதிரிதான் நிக்கும். உண்மையைச் சொல்லு. பெடல் தரைக்குப் போச்சா?

தம்பி: ...போச்சு. ஆறாவது ரவுண்டுல. சேத்துல கால் வெச்ச மாதிரி.

அக்கா: பிரேக் ஆயில் கொதிச்சிருக்கு. புகைக்குழாயை ஒட்டியே பிரேக் பைப்பு போகுது. நடுவுல சூட்டைத் தடுக்க ஒரு தகடு வேணும். உன் வண்டியிலயும் தகடு இருந்துச்சு... எதிர்ப்பக்கத்துல.

தம்பி: எங்க ஃபிட்டர் அப்படியெல்லாம் மாத்தி மாட்டற ஆளில்லையே. ஒரு போல்ட்டை முறுக்க மூணு தடவை கண்ணாடியைத் துடைப்பார்.

அக்கா: அவரைச் சொல்லாதே. டிசைன் படத்துல இருந்தபடிதான் மாட்டினார். படம் என்னோடது.

தம்பி: உன் படத்துல தப்பா?

அக்கா: படத்துலகூட இல்லைடா. அதுல எழுதின வார்த்தையில... முதல் வருஷம் இடது வலது சண்டை நடந்துச்சே, ஞாபகம் இருக்கா?

தம்பி: மறக்குமா? உங்க ஆளுங்களுக்கு சீட்டுல உட்கார்ந்து பார்த்தா இடது. எங்க ஆளுங்களுக்கு வண்டிக்கு முன்னாடி நின்னு பார்த்தா இடது. சம்பந்திங்க மாதிரி ஆறு மாசம் முறைச்சுக்கிட்டாங்க. நாப்பது கதவு தப்பான பக்கத்துக்கு வந்து இறங்குச்சே.

அக்கா: அன்னைக்குக் கூட்டத்துல நான்தான் எழுந்து சொன்னேன். இடதும் வேண்டாம் வலதும் வேண்டாம், டிரைவர் பக்கம், மத்தப் பக்கம்னு எழுதிடுவோம்னு. கை தட்டினாங்கடா.

தம்பி: தெரியுமே. ஒரு வாரம் உன் கால் தரையில படலை. அம்மாகிட்டயே ரெண்டு தடவை சொன்னே.

அக்கா: மூணு டெஸ்ட் வண்டி சரியா வந்துச்சு. நாலாவதுல...

தம்பி: நாலாவது வெளிநாட்டுக்குப் போறது. ஸ்டீயரிங் இடதுல. எந்த இடதுன்னு கேக்காதே.

அக்கா: ம்... தகட்டுக்கும் டிரைவர் பக்கம்னுதான் எழுதியிருந்தேன். டிரைவர் பக்கம் மாறிடுச்சு. புகைக்குழாய் மாறலை.

தம்பி: அடக் கொடுமையே.

அக்கா: அந்தப் படத்துக்குக் கீழ ரெண்டு கம்பெனியிலயும் சேர்த்து பதினெட்டு கையெழுத்து இருக்கு. ஒருத்தருக்கும் தோணலை. எனக்கே தோணலை.

தம்பி: எப்போ தோணுச்சு?

அக்கா: ...நேத்து. இடிஞ்ச வண்டியோட போட்டோவைப் பார்க்கறப்போ.

தம்பி: சரி.

அக்கா: என்ன சரி?

தம்பி: சரின்னா சரி. அஞ்சாவது வண்டி என்னாச்சு?

அக்கா: அதுலயும் ஸ்டீயரிங் அந்தப் பக்கம்தான்.

தம்பி: நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு எங்க இன்னொரு டிரைவர், நெட்டையன், அதுல ஏறப்போறான்க்கா.

அக்கா: தெரியும். அதான் ஓடி வந்தேன்.

தம்பி: என்கிட்ட எதுக்கு ஓடி வர்றே? போன் எங்கே உனக்கு?

அக்கா: சொன்னா என் வேலை போச்சுடா. அதோட நிக்காது. நஷ்டம் உன்னோடதா என்னோடதான்னு ரெண்டு கம்பெனியும் கோர்ட்டுக்குப் போயிடும். அந்தக் கார் ரோட்டுக்கே வராது. நாலு வருஷம்... ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்கிறதையே மறந்து உழைச்சிருக்கேன்.

தம்பி: நெட்டையனுக்கு இப்போதைக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு. அதை மட்டும் நெனச்சுக்கோ.

அக்கா: ...இரு. பேசிடறேன்... ஹலோ, ஐயா, வணக்கம். டிசைன்லேர்ந்து பேசறேன். நாளைக்கு அஞ்சாவது வண்டியை எடுக்காதீங்க... இல்லைங்க, உங்க ஆளுங்க சரியாத்தான் மாட்டியிருக்காங்க. படம் தப்பு. நான் எழுதினது... தர்றேங்க, எழுத்துலயே தர்றேன். டிரைவர் மேல ஒரு குத்தமும் இல்லை... ஆமாங்க, என் தம்பிதான். அதுக்காகச் சொல்லலைங்க... சரிங்க. நாலு மணிக்கு வர்றேன்.

தம்பி: எங்க கம்பெனிப் பெரியவர்தானே? கத்தினாரா?

அக்கா: கத்தியிருந்தாக்கூடத் தேவலை. எழுதிக் கொண்டு வாங்கன்னு மட்டும் சொன்னார். அப்புறம், உங்களுக்கு என்னைக்குத் தெரிஞ்சதுங்கிற தேதியையும் போட்டு எழுதுங்கன்னார்.

தம்பி: நேத்துத் தேதியைப் போடு.

அக்கா: அது வந்துடா...

தம்பி: போடுக்கா. அவ்வளவுதான். தண்ணி எடுத்துக் கொடு.

அக்கா: பேச்சை மாத்தாதே. நேத்து இல்லைடா... செவ்வாய்க்கிழமை சாயங்காலமே தெரியும்.

தம்பி: அக்கா, விடு.

அக்கா: புதன்கிழமை மத்தியானம் ரெண்டு முதலாளிங்களும் அடுத்த காருக்கும் சேர்ந்தே ஒப்பந்தம் போடறதா இருந்தாங்க. அது முடியட்டும், உடனே சொல்லிடலாம்னு வாயை மூடிக்கிட்டேன். நாலாவது வண்டி அடுத்த வாரம்தான் ஓடும்னு பட்டியல்ல இருந்துச்சு.

தம்பி: போட்டாங்களா, ஒப்பந்தம்?

அக்கா: போட்டாங்க. நீ ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தப்போ.

தம்பி: ம்.

அக்கா: பட்டியலைப் பார்த்தும் மனசு கேக்கலைடா. அதான் அன்னைக்குக் காலையில உனக்கு...

தம்பி: போன் பண்ணே. இன்னைக்கு எந்த வண்டிடான்னே. மூணுன்னேன். அப்பாடான்னுட்டு வெச்சுட்டே.

அக்கா: அப்போ உனக்கு... அதுல எதுவும் தோணலையே?

தம்பி: பதினோரு வருஷமா ஓட்டறேன். சாப்பிட்டியா, தூங்கினியான்னு கேப்பே. எந்த வண்டின்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா? நீ வெச்சு பத்து நிமிஷம் இருக்கும். மூணாவது ஸ்டார்ட் ஆகலைன்னு நாலாவது சாவியைக் கையில கொடுத்தாங்க.

அக்கா: தெரிஞ்சேவா ஏறினே... மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா.

தம்பி: ஏன்னு கேப்பாங்களேக்கா. நீயே சொல்லாததை நான் எப்படிச் சொல்றது?