மருதம்மாள் கீழே வைத்த வாளி

தலைமைப் பீடத்தை அழகு செய்யும் ஐயா இருளப்பன் அவர்களே! மூத்த பெருமக்களே! காலையில் ரப்பர் மரம் சீவிய களைப்போடும் முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! கோலா கெத்தில் வாசகர் மன்றத்துக் காளையரே! திகாம் பத்துவில் சாப்பாட்டுக் கடை நடத்திக்கொண்டே நாடகம் எழுதும் இந்த அய்யூப்பின் அன்பு வணக்கம்.

"பாய், கதை எங்கே கிடைக்கிறது?" என்று கேட்கிறீர்கள். ஆகாயத்திலா? அரண்மனையிலா? நானும் அங்கேதான் தேடினேன்! ஜப்பான்காரன் இந்த மலாயாவுக்கு வருவதற்கு முந்திய ஆண்டு, சுங்கை லாலாங் தோட்டத் திருவிழாவுக்கு என்னிடம் நாடகம் கேட்டார்கள். ராஜா வந்தார், ராணி வந்தார், மந்திரியும் வந்தார். கதை மட்டும் வரவே இல்லை! சிரியுங்கள் தம்பி, நன்றாகச் சிரியுங்கள். எழுத உட்கார்ந்தால் தெரியும்!

அந்த வேளையில் மருதம்மாள் என் கடைக்கு ரொட்டி வாங்க வந்தாள். அதே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள். இடுப்பில் கைக்குழந்தை.

"பிள்ளை தெம்பா இருக்கானேம்மா?" என்றேன்.

"இப்பத்தான் பாய் தேறியிருக்கான்" என்று நடந்ததைச் சொன்னாள்.

தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விடும் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பசியால் கதறுகிறது. தாய்க்கோ மார்பு கட்டி, ரவிக்கை நனைகிறது. போய்ப் பாலூட்டி வர அனுமதி கேட்டாள். கங்காணி பக்கிரிசாமி மறித்தார்: "உன் மர நிரையை முடிச்சிட்டுப் போ. நேரம் தப்பினா மரத்துல கட்டின மங்குல பால் உறைஞ்சிரும்."

"மரத்துப் பாலுக்கு நேரம் தப்பக்கூடாது, எம் புள்ள பாலுக்குத் தப்பலாமா அண்ணே?"

கேட்டாள், பால் வாளியைக் கீழே வைத்தாள், நடந்தாள்! பின்னாலேயே ஒவ்வொரு பெண்ணும் வாளியை வைத்தாள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வந்தார், கத்தினார். அத்தனை பேரையும் விரட்டிவிட்டால் பாலை யார் எடுப்பது? மறுநாள் முதல் தாய்மார் கொட்டகைக்குப் போய்வர வழி பிறந்தது.

இதல்லவா கதை! எழுதினேன். தோட்டத்து ஆட்களான நடிகர்கள் பயந்தார்கள்: "கங்காணி முன்னாலயே உக்காருவாரு லா! வேலை போயிரும் பாய்!"

மருதம்மாள்தான் சொன்னாள்: "போடுங்க. அவருக்கு முன்னால நான் உக்காருறேன்."

திருவிழா மாலை. திடல் கொள்ளாத கூட்டம். பெண்கள் வாளி வைக்கும் காட்சியில் பக்கிரிசாமி எழுந்தார். மேடை ஏறினார்.

"பாய், ஒண்ண விட்டுட்டீங்க" என்றார். குரல் உடைந்திருந்தது. "அன்னைக்கு மருதம்மாளுக்கு அடுத்து வாளியை வச்சது எம் பொண்டாட்டி ராக்காயி. நான் பெத்த பிள்ளையும் அந்தக் கொட்டகையிலதான் அழுதுச்சு. அதையும் போடுங்க."

ராக்காயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மருதம்மாள் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அன்பர்களே! அந்த வசனத்தை நான் கற்பனை செய்திருக்க முடியுமா? எந்த மன்னன் எனக்குத் தந்திருப்பான்? நீங்கள் குடியிருக்கும் லயத்தில் நடப்பதை எழுதுங்கள்! உங்கள் அக்காள் பேசியதை எழுதுங்கள்! நம்மை நாமே எழுதாவிட்டால், இங்கே நாம் வாழ்ந்தோம் என்று யார் சொல்வார்? எழுதுங்கள், எழுதுங்கள், இன்றே எழுதுங்கள்!

பசியோடும் பொறுமையோடும் கேட்ட உங்கள் செவிகளுக்கு என் நன்றி. எல்லோர் வீட்டிலும் அமைதி நிலவட்டும். வணக்கம்.